மாதம் முந்திப் பிறந்த தோல்

கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி தாய்க்கு நினைவில்லை. முதல் மூன்று மாதத்தில் ஸ்கேனும் எடுக்கவில்லை. பிரசவம் ஆகிவிட்டது. இது எத்தனை வாரத்துக் குழந்தை என்று இனி எப்படிச் சொல்வது? எடையை நம்ப முடியாது. வயிற்றில் சரியாக வளராத குழந்தை நிறைமாதத்தில் பிறந்தும் ஒன்றரைக் கிலோ இருக்கலாம். தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தால் 35 வாரக் குழந்தை மூன்று கிலோவைத் தாண்டியும் போகலாம். அந்த நேரத்தில் மருத்துவர் பார்க்கும் அடையாளங்களில் ஒன்று குழந்தையின் தோல். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜீன் பாலார்ட் 1979இல் வகுத்து, மிகக் குறைந்த வாரத்தில் பிறப்பவர்களுக்கும் பொருந்துமாறு 1991இல் விரிவாக்கிய மதிப்பெண் அட்டவணை இன்றும் உலகெங்கும் பிரசவ அறைகளில் பயன்படுகிறது. அதில் தோலுக்கென்று தனி வரிசையே உண்டு.

அந்த வரிசையின் கீழ்ப்படியில் இருக்கும் தோல் தொட்டால் விரலில் ஒட்டும், லேசாக இழுத்தாலே பிய்யும், அதன் வழியே உள்ளிருப்பது தெரியும். அடுத்த படியில் செக்கச் சிவந்து, பளபளத்து, ஒளி ஊடுருவும். அதற்கும் மேலே வழவழப்பான இளஞ்சிவப்பு. வயிற்றின் மேல் ரத்தக் குழாய்கள் கிளை கிளையாகத் தெரியும். வாரங்கள் கூடக்கூடக் குழாய்கள் மறைந்து, மேலே மெல்லிய உரிதல் தோன்றி, பிறகு வெடிப்புகள் வரும். நாள் கடந்து பிறந்த குழந்தைக்குத் தோல் தடித்துச் சுருங்கியிருக்கும். குழந்தையைப் பார்க்க வரும் உறவினர்கள் நிறத்தைக் கணிக்கக் காது மடலைப் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். குறைமாதக் குழந்தையிடம் அந்தக் கணிப்பு சற்றும் பலிக்காது. மெலனின் இன்னும் போதிய அளவு உருவாகவில்லை. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு, மெல்லிய தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தின் சிவப்பு.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பது குறைப்பிரசவம். 2020இல் உலகில் ஏறக்குறைய 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. அவற்றில் 30 லட்சம் இந்தியாவில். எந்த நாட்டையும்விட இது அதிகம். இக்குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது நுரையீரலைப் பேசுகிறோம், மூளையைப் பேசுகிறோம், கண்ணின் விழித்திரையைப் பேசுகிறோம். தோல் பேச்சில் வருவதே அரிது. பிறந்த முதல் வாரத்தில் உடலின் நீர், உப்பு, வெப்பம் ஆகிய மூன்றும் எந்த அளவில் நிற்கும் என்பதில் அந்தத் தோலுக்குப் பெரும் பங்கு உண்டு. 25 வாரக் குழந்தையின் தோலும் 40 வாரக் குழந்தையின் தோலும் அளவில் வேறுபடுவதைவிடச் சேர்மானத்தில்தான் அதிகம் வேறுபடுகின்றன. சின்னக் குழந்தைக்குச் சின்னத் தோல் என்று நினைத்துக் கையாண்டதால் நேர்ந்த சாவுகள் மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன.

மேலிருந்து தொடங்குவோம். மேல்தோலின் ஆக உச்சியில் இருப்பது ஸ்ட்ராட்டம் கார்னியம் என்ற கொம்புப்படலம். இறந்து தட்டையாகிப்போன, கெரட்டின் நிறைந்த செல்களின் அடுக்கு இது. நிறைமாதக் குழந்தைக்கு இதில் 10 முதல் 20 அடுக்குகள் இருக்கும். பெரியவர்களுக்கு இருப்பதைவிட அதிகம் குறைவில்லை. 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு மூன்று அடுக்குகள். 24 வாரத்துக்கு முன் என்றால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. தடிமனைப் பார்த்தால், நிறைமாதக் குழந்தையின் மேல்தோல் முழுவதும் சேர்ந்து ஏறக்குறைய 50 மைக்ரோமீட்டர், அதில் கொம்புப்படலம் 9 அல்லது 10. மிகக் குறைமாதக் குழந்தைக்கு மேல்தோல் அதில் பாதி, கொம்புப்படலம் 4 அல்லது 5.

இதற்குக் காரணம் கருவறையின் ஏற்பாடு. பனிக்குட நீரில் மிதக்கும் கருவுக்கு நீர் புகாத உறை தேவையில்லை. இரண்டாம் மாதத்திலேயே கருவின் மேல் பெரிடெர்ம் என்ற தற்காலிகப் படலம் உருவாகிறது. அதன் செல்கள் பனிக்குட நீரோடு பொருள்களைப் பரிமாறிக்கொள்வதாகக் கருதப்படுகிறது. 22, 24 வார வாக்கில் அதற்கு அடியில் கெரட்டின் அடுக்கு உருவாகத் தொடங்கியதும் பெரிடெர்ம் உதிர்ந்துவிடுகிறது. மயிர்க்கால்களைச் சுற்றி மட்டும் இந்தக் கெட்டிப்படுதல் இன்னும் முன்னதாகவே தொடங்கியிருக்கும். ஆக, 24 வாரத்தில் பிறக்கும் குழந்தை பழைய உறையைக் கழற்றிய கையோடு, புதிய உறையைப் போட்டுக்கொள்ளும் முன் வெளியே வருகிறது.

அடுக்குகளின் எண்ணிக்கை கதையில் பாதிதான். கொம்புப்படலத்தைத் தோலியலாளர்கள் செங்கல் சுவரோடு ஒப்பிடுவார்கள். செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையே பூசப்பட்ட கொழுப்பு, சாந்து. நீரைத் தடுத்து நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி சாந்தினுடையது. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்ற மூன்றும் சேர்ந்தது அந்தக் கொழுப்பு. மேல்தோலின் உயிருள்ள செல்கள் இதற்கான மூலப்பொருளைச் சிறு பொதிகளாக உள்ளே கட்டிவைத்து, கொம்புப்படலத்தை எட்டும் தறுவாயில் வெளியே கொட்டுகின்றன. அங்கே நொதிகள் அதைச் செராமைடாகவும் கொழுப்பு அமிலமாகவும் மாற்றி, நீளவாக்கில் அடுக்குகின்றன. குறைமாதக் குழந்தையிடம் பொதிகளும் குறைவு, பக்குவமும் போதாது. போதாக்குறைக்கு அந்த நொதிகள் சரியாக வேலை செய்ய அமிலச் சூழல் வேண்டும். அதுவும் பிறந்த அன்று கிடைப்பதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

உறையில்லாத உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போகிறது என்பதை 1970களின் இறுதிவரை நேரடியாக அளப்பது எளிதாக இருந்ததில்லை. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் நகரில் கெர்ட் நில்சன் என்பவர் தோலுக்கு மிக அருகே உள்ள காற்றின் ஈரப்பதம் உயரத்துக்கு உயரம் எப்படி மாறுகிறது என்பதைக் கொண்டு ஆவியாதலைக் கணக்கிடும் கருவி ஒன்றை வடிவமைத்தார். சிறு குழாய் ஒன்றைத் தோலின் மேல் சில விநாடிகள் வைத்தால் போதும். ஊசி வேண்டாம், ஒட்ட வேண்டாம். அதை வைத்து உப்சாலாவில் கார்ல் ஹாமர்லுண்ட், குன்னர் செடின் இருவரும் 1979 முதல் தொடர்ச்சியாக அளந்து வெளியிட்ட எண்கள் இந்தத் துறையின் அடித்தளம். நிறைமாதக் குழந்தையின் தோலில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 6 முதல் 8 கிராம் நீர் ஆவியாகிறது. 25 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் நாளில், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது, ஏறக்குறைய 60 கிராம்.

இந்த 60ஐ ஒரு குழந்தையின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். 800 கிராம் எடையுள்ள குழந்தையின் உடல் பரப்பு சுமார் 0.08 சதுர மீட்டர். மணிக்கு 60 கிராம் வீதம் கணக்கிட்டால் ஒரு நாளில் 115 கிராம் நீர் தோல் வழியாக மட்டும் போய்விடும். உடல் எடையில் ஏழில் ஒரு பங்கு. சிறுநீர், மூச்சு எதையும் இதில் சேர்க்கவில்லை. மூன்று கிலோ நிறைமாதக் குழந்தைக்கு இதே கணக்கு எடையில் நூற்றில் ஒரு பங்கைச் சுற்றித்தான் வரும். வெறும் நீர் போவதால் ரத்தத்தில் சோடியம் ஏறுகிறது. ஈடுகட்ட ஐ.வி. மூலம் அதிகம் திரவம் கொடுத்தால், மூட வேண்டிய இதய நாளம் திறந்தே இருந்து நுரையீரலில் நீர் கோக்கும் அபாயம் இருக்கிறது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள் ஆறு மணிக்கொரு தரம், எட்டு மணிக்கொரு தரம் என்று திரவக் கணக்கைத் திருத்திக்கொண்டே இருப்பது இதனால்தான்.

வெப்பக் கணக்கு இன்னும் கடுமை. ஒரு கிராம் நீர் ஆவியாக 0.58 கிலோ கலோரி வேண்டும். 115 கிராமுக்கு 67 கிலோ கலோரி. அந்த 800 கிராம் குழந்தை முதல் நாளில் தன் உடலில் உண்டாக்கும் வெப்பம் முழுவதையும் கொட்டினாலும் இதற்கு ஈடாகாது. அறையைச் சூடாக வைத்தாலும் வறண்ட காற்றில் அந்தக் குழந்தை குளிர்ந்துகொண்டே போகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான், பிறந்தவுடன் துடைக்கக்கூடச் செய்யாமல் கழுத்து வரை பாலிதீன் பையில் வைக்கும் முறை வந்தது. ஈரம் அப்படியே இருக்கட்டும், ஆவியாகாமல் பார்த்துக்கொள்வோம் என்பது அதன் தத்துவம். இன்குபேட்டரில் முதல் வாரம் 80 சதவீதத்தை ஒட்டி ஈரப்பதம் வைப்பதும் இதே கணக்குதான்.

கருவறையே ஒரு பூச்சு தடவித்தான் அனுப்புகிறது. வெர்னிக்ஸ் எனப்படும் அந்த வெண்ணிறப் பூச்சில் 80 சதவீதம் நீர், 10 சதவீதம் புரதம், 10 சதவீதம் கொழுப்பு. இவ்வளவு நீர் இருந்தும் அது கரைந்து ஓடாது. நீர் முழுவதும் உதிர்ந்த செல்களுக்குள் சிறைப்பட்டிருக்கிறது. கருவின் எண்ணெய்ச் சுரப்பிகள் தரும் ஸ்குவாலீன், மெழுகு எஸ்டர்களோடு மேல்தோல் தரும் செராமைடுகளும் அதில் உண்டு. லைசோசைம், லாக்டோஃபெரின் போன்ற கிருமியெதிர்ப்புப் புரதங்களும் உண்டு. கடைசி மூன்று மாதங்களில் தலையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிப் படரும் இந்தப் பூச்சின் மறைவில்தான், நீரில் ஊறிக்கொண்டே கொம்புப்படலம் உருவாக முடிகிறது. நிறைமாதம் நெருங்கும்போது நுரையீரலிலிருந்து வரும் சர்ஃபாக்டன்ட் பனிக்குட நீரில் கலந்து வெர்னிக்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடுகிறது. குழந்தை அதை விழுங்கவும் செய்கிறது.

33, 34 வாரத்தில் பிறக்கும் குழந்தையின் உடலில் வெர்னிக்ஸ் தாராளமாக அப்பியிருக்கும். 25 வாரக் குழந்தைக்கு அது கிடையாது. மிகவும் தேவைப்படுகிறவர்களுக்கு இல்லாத இந்தப் பாதுகாப்பை, இருக்கிறவர்களிடமிருந்து நாம் முதல் ஒரு மணி நேரத்திலேயே கழுவிக் களைந்துவிட்டுக் கொண்டிருந்தோம். ரத்தமும் மாவும் ஒட்டிய குழந்தையை அப்படியே கொடுத்தால் வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொடுப்பது மருத்துவமனைகளிலும் வழக்கமாக இருந்தது. முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வெர்னிக்ஸைத் துடைத்தெடுக்க வேண்டியதில்லை. தானே காய்ந்து தோலில் ஊறிவிடும்.

இப்போது அமிலம். பிறந்த அன்று எந்தக் குழந்தையின் தோலும் ஏறக்குறைய நடுநிலையில், பி.எச். 6க்கும் 7.5க்கும் இடையே இருக்கும். நிறைமாதக் குழந்தைக்கு நான்கைந்து நாளில் அது 5ஐ நோக்கி இறங்கிவிடும். குறைமாதக் குழந்தைக்கு முதல் வார முடிவில் 5.5, ஒரு மாதம் ஆகும்போது 5ஐ ஒட்டி. இந்த மூன்று வார வித்தியாசம் பெரிய விஷயம். அமிலத்தில்தான் செராமைடை உண்டாக்கும் நொதிகள் சுறுசுறுப்பாகும். நடுநிலையில் சுறுசுறுப்பாவது வேறு நொதிகள். அவை செல்களைப் பிணைக்கும் புரதங்களை அறுத்து, இருக்கிற இரண்டு மூன்று அடுக்கையும் உதிர்க்கும். நோய்க்கிருமிகள் சிலவற்றுக்கும் அமிலம் பிடிக்காது. சாதாரணச் சோப்பு காரத்தன்மை உள்ளது. ஒரே ஒரு முறை போட்டால்கூடத் தோலின் பி.எச். ஏறி, பழைய நிலைக்கு வரச் சில மணி நேரம் பிடிக்கும். மிகக் குறைமாதக் குழந்தைகளை முதல் சில வாரங்களுக்கு வெதுவெதுப்பான வெறும் நீரில் நனைத்த பஞ்சால் மட்டும் துடைக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

நீர் வெளியேறும் தோல் வழியே பொருள்கள் உள்ளேயும் வரும். 1980களில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் நிக்கலஸ் ரட்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை அழகாகக் காட்டினார்கள். ரத்தக் குழாயைச் சுருக்கும் ஃபினைலெஃப்ரின் மருந்தைக் குழந்தையின் வயிற்றில் ஒரு சிறு வட்டத்தில் தடவினார்கள். நிறைமாதக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. குறைமாதக் குழந்தைக்கு மருந்து பட்ட இடம் சில நிமிடங்களில் வெளுத்தது. மருந்து உள்ளே போய்விட்டது என்று பொருள். எவ்வளவு முந்திப் பிறந்ததோ அவ்வளவு வெளுப்பு. அவர்கள் இந்தக் குறையையே வழியாகவும் ஆக்கிப் பார்த்தார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சு நின்று நின்று போவதைத் தடுக்க அப்போது கொடுத்துவந்த தியோஃபிலின் மருந்தை ஜெல்லாகத் தோலில் தடவி, ரத்தத்தில் சிகிச்சைக்கு வேண்டிய அளவை எட்டவைத்தார்கள். உடம்பைச் சுற்றி ஆக்சிஜன் செறிந்த காற்றை நிறுத்தினால் தோல் வழியாகவே ஆக்சிஜன் உள்ளே சேர்வதையும் 1988இல் காட்டினார்கள்.

மருந்து போகும் வழியில் நஞ்சும் போகும். 1886இலேயே லண்டனில் ஒரு பதிவு இருக்கிறது: பச்சிளங்குழந்தைகளின் துணியில் மருத்துவமனையின் முத்திரை குத்தப் பயன்பட்ட அனிலின் சாயம் தோல் வழியே இறங்கி, குழந்தைகள் நீலம் பாரித்தார்கள். அதைவிடப் பெரிய பாடம் ஹெக்சாகுளோரோஃபீன். 1950, 60களில் மேலை நாட்டு மருத்துவமனைகளில் ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி குழந்தைப் பிரிவுகளைச் சூறையாடிக்கொண்டிருந்தது. இந்த மருந்து 3 சதவீதம் கலந்த திரவத்தால் குழந்தைகளைத் தினமும் குளிப்பாட்டத் தொடங்கியதும் தொற்று உண்மையாகவே குறைந்தது. நல்ல எண்ணத்தில், நல்ல பலனோடு தொடங்கிய காரியம். பிறகு இறந்த குழந்தைகளின் மூளையை ஆராய்ந்தவர்கள், மூளைத்தண்டின் வெள்ளைப் பகுதியில் சிறு சிறு குழிகளைக் கண்டார்கள். 1400 கிராமுக்குக் குறைவாகப் பிறந்து, பல முறை இந்தத் திரவத்தில் குளிப்பாட்டப்பட்டவர்களிடம் இது அதிகம். 1972இல் பிரான்சில் ஒரு டால்கம் பவுடரில் தவறுதலாக இந்த மருந்து 6 சதவீதத்துக்கு மேல் கலந்துபோய் 36 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்கா இதை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கத் தடை போட்டது. பிரான்சில் இறந்தவர்களில் பலர் பச்சிளங்குழந்தைகளே அல்ல. முதிர்ந்த தோலும் தப்பவில்லை என்றால் முதிராத தோலின் நிலைமை சொல்ல வேண்டியதில்லை.

இன்றும் இந்த ஆபத்து வேறு உருவில் நிற்கிறது. தொப்புள் கொடியில் குழாய் செருகும் முன் துடைக்கும் ஸ்பிரிட் வழிந்து முதுகுக்கு அடியில் தேங்கினால், அரை மணி நேரத்தில் அந்த இடம் வெந்துபோகும். தேங்கியது கண்ணில் படாது; குழந்தையைப் புரட்டும்போதுதான் தெரியும். போவிடோன் அயோடினைத் தடவித் துடைக்காமல் விட்டால் அயோடின் உள்ளே போய்த் தைராய்டு சுரப்பை அடக்கும். சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிடுகையில் பரப்பு அதிகம் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். பெரியவர்களோடு ஒப்பிட்டால், ஒரு கிலோ குழந்தைக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் நான்கு மடங்கு தோல்.

இதுவரை சொன்னது மேல்தோல். அதற்கும் கீழே உள்தோலில் நிலைமை வேறு. மேல்தோலையும் உள்தோலையும் கோத்துப் பிடிக்கும் நார்கள் குறைமாதக் குழந்தையிடம் குறைவு. உள்ளவையும் இடைவெளி விட்டு இருக்கின்றன. செவிலியர்கள் இதை நன்கு அறிவார்கள். கையில் ஐ.வி. ஊசியை நிறுத்த ஒட்டிய பிளாஸ்டரை எடுக்கும்போது, பிளாஸ்டருக்கும் மேல்தோலுக்கும் உள்ள ஒட்டு, மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் உள்ள ஒட்டைவிட வலுவாக இருந்துவிடும். பிளாஸ்டரோடு தோலும் வந்துவிடும். அதனால் அனுபவமுள்ள செவிலியர் பிளாஸ்டரை மேல்நோக்கித் தூக்கி இழுக்கமாட்டார். நனைத்த பஞ்சால் விளிம்பை ஊறவைத்து, ஒரு விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டரைத் தோலோடு படுகிடையாக மடித்து மெல்ல மெல்ல உருட்டி எடுப்பார். ஒரு சின்னப் பிளாஸ்டருக்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்கள் மிச்சப்படுத்தக் கூடாதவை.

உள்தோலின் கொலாஜன் நார்க்கட்டுகள் மெலிந்தவை, மூன்றாம் வகைக் கொலாஜனின் பங்கு கூடுதல். எலாஸ்டின் வலை முதிரவில்லை. நாருக்கு இடையே நீரைப் பிடித்துவைக்கும் ஹையலுரானிக் அமிலம் நிறைய. 25 வாரக் குழந்தையின் உடலில் 85 சதவீதத்துக்கு மேல் நீர், நிறைமாதக் குழந்தைக்கு 75 சதவீதம். அந்தக் கூடுதல் நீரில் ஒரு பங்கு தோலில் வீக்கமாக நிற்கிறது. அடியில் கொழுப்பு மெத்தை இல்லை. கருவில் கொழுப்பு சேர்வது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான். 28 வாரத்தில் உடல் எடையில் மிகச் சிறு பங்காக இருப்பது நிறைமாதத்தில் 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. வியர்வைச் சுரப்பிகள் 28 வாரத்துக்குள் உருவாகிவிட்டாலும் 36 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை முதல் சில நாள்களில் வியர்க்காது. வார்மரின் சூடு கூடிப்போனால் உடம்பைக் குளிர்விக்க அதனிடம் வழி இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு இந்த விஷயத்தின் மையம் இருப்பதாகத் தோன்றுகிறது. குறைமாதக் குழந்தையின் மேல்தோல் காற்றுபட்டதும் விரைந்து முதிர்கிறது. 1986இல் ரட்டரும் அவருடன் பணியாற்றிய எவன்ஸும் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னது இது: பிறந்த இரண்டு வாரத்தில் குறைமாதக் குழந்தையின் மேல்தோல் நிறைமாதக் குழந்தையினுடையதை ஒத்துவிடுகிறது. 28, 30 வாரக் குழந்தைகளுக்கு இது பொருந்தும். 23 முதல் 25 வாரத்தில் பிறந்தவர்களுக்கு நான்கு வாரமும் அதற்கு மேலும் பிடிக்கிறது என்று 1990களின் அளவீடுகள் காட்டின. எப்படியானாலும், கருவறையில் மூன்று மாதம் எடுத்துக்கொண்டிருக்கும் வேலை வெளியே சில வாரங்களில் முடிகிறது. தூண்டுவது நீர் ஆவியாவதே. எலிக்கருவின் தோலைக் காற்றில் வைத்து வளர்த்தால் தடுப்பு விரைவில் உருவாகிறது. அதையே நீருக்குள் வைத்தால் பழைய வேகத்தில்தான். உப்சாலாவில் யோஹான் ஓக்ரென் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மனிதச் சான்று. முதல் வாரத்துக்குப் பிறகும் 75 சதவீத ஈரப்பதத்தில் வைக்கப்பட்ட குழந்தைகளின் தோல், 50 சதவீதத்தில் வைக்கப்பட்டவர்களின் தோலைவிட மெதுவாகவே முதிர்ந்தது. காப்பாற்றும் ஈரமே அளவுக்கு மீறினால் தாமதப்படுத்துகிறது. இன்குபேட்டரில் ஈரப்பதத்தை எப்போது, எவ்வளவு குறைப்பது என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் பார்த்துச் செய்ய வேண்டிய முடிவாக இருப்பது அதனால்தான்.

ஆனால் காற்றின் தூண்டுதல் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. உள்தோலின் கொலாஜன், எலாஸ்டின், அடியிலுள்ள கொழுப்பு எல்லாம் அந்த வேகத்துக்கு வருவதில்லை. ஆகவே 26 வாரத்தில் பிறந்து ஒரு மாதமான குழந்தையின் தோல், கருவறையில் எந்தக் கட்டத்திலும் இல்லாத ஒரு கலவை: மேலே ஏறக்குறைய நிறைமாதம், கீழே 30 வாரம். நீரிழப்பு அடங்கிவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கும் நேரத்தில்கூட அழுத்தமும் உரசலும் இழுப்பும் அதைப் புண்ணாக்கும். அதே நாட்டிங்ஹாம் குழு 1990இல், தீவிர சிகிச்சையிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளின் உடலில் எஞ்சிய வடுக்களைத் தேடிப் பதிவு செய்தது. ஊசி குத்திய தழும்புகள், நெஞ்சில் குழாய் செருகிய தழும்புகள். மிகக் குறைமாதத்தில் பிறந்த சிலருக்கு, மானிட்டர் எலக்ட்ரோடு ஒட்டியிருந்த இடத்தில் எலாஸ்டின் அழிந்து தோல் சிறு பள்ளமாக நின்றுவிடுவதும் உண்டு. முதல் ஐந்தாறு மாதக் கருவில் ஏற்படும் காயம் வடுவின்றி ஆறும். அதே வாரத்தில் வெளியே வந்துவிட்ட குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை.

இனி எண்ணெய். நம் வீடுகளில் பச்சிளங்குழந்தை என்றாலே எண்ணெய்தான் முதலில் நினைவுக்கு வரும். தேங்காயெண்ணெய் தேய்த்து, காலை நீட்டிக் குப்புறப் போட்டு, கைகால் நீவிக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, பவுடர் போட்டுவிடும் பாட்டிகளின் கைப்பக்குவம் நிறைமாதக் குழந்தையின் தோலுக்கேற்ப உருவானது. குறைமாதக் குழந்தைக்கு எண்ணெய் ஆகுமா? இதற்கு எளிய பதில் கிடையாது, ஆனால் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. டாக்கா சிசு மருத்துவமனையில் கேரி டார்ம்ஸ்டாட் தலைமையில் 33 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது, மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்ததாக 2005இல் வெளியானது. இறப்பும் குறைந்தது. சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் அமிலம் மிகுதி. தோலின் செராமைடுகளுக்கு அது வேண்டும். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கடுகெண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் மொத்தக் குழந்தைகளிடையே இறப்பு விகிதம் மாறவில்லை; ஒன்றரைக் கிலோவும் அதற்குக் குறைவாகவும் பிறந்தவர்களிடம் மட்டும் பாதியாகக் குறைந்தது. எந்தத் தோலுக்கு எண்ணெய் உண்மையில் தேவைப்படுகிறது என்பதை இந்த ஒரு முடிவு தெளிவாகக் காட்டுவதாக நினைக்கிறேன்.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. அமெரிக்காவில் ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பெட்ரோலியம் களிம்பு பூசிய ஆய்வில், 750 கிராமுக்குக் குறைவானவர்களிடம் ஒருவகை ஸ்டாஃபைலோகாக்கஸ் தொற்று கூடியதாக 2004இல் தெரிந்தது. கையில் எடுக்கும் களிம்பு, குழாய்களும் ஊசிகளும் நிறைந்த உடம்பு, மூடிய வெப்பம் மூன்றும் சேர்ந்தால் பூச்சே கிருமிக்குப் புகலிடமாகலாம். எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசமும் பெரிது. கடுகெண்ணெய் எலிகளின் தோல் தடுப்பு மீள்வதைத் தாமதப்படுத்தியது. ஒலியிக் அமிலம் மிகுந்த ஆலிவ் எண்ணெய் பெரியவர்களின் தோலையே பலவீனப்படுத்தியது. தேங்காயெண்ணெய் குறைமாதக் குழந்தைகளின் நீரிழப்பைக் குறைப்பதாக டெல்லி ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்கு எண்ணெய் தடவுவதைப் பரிசீலிக்கலாம் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கட்டாயம் என்று சொல்லவில்லை. தேய்த்து நீவுவது வேறு, மெல்லத் தடவுவது வேறு என்பதை மட்டும் வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனைகள் அழுத்திச் சொல்ல வேண்டும். சாம்பிராணிப் புகையும் பவுடரும் குறைமாதக் குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாதவை. அவற்றை அறவே விட்டுவிடலாம்.

எண்ணெயைவிட உறுதியான சான்று தாயின் நெஞ்சுக்கு உண்டு. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970களின் இறுதியில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் எட்கர் ரே தொடங்கிய கங்காரு பராமரிப்பில், டயபரும் தொப்பியும் மட்டும் போட்ட குழந்தை தாயின் வெறும் மார்போடு தோல் தொட்டுக் கிடக்கும். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் ஒரு கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியபோது முதல் 28 நாள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக இறங்கியது; 2021இல் வெளியான முடிவு. ஆனால் 22, 24 வாரக் குழந்தையை 80 சதவீத ஈரப்பதத்திலிருந்து அறைக்காற்றுக்கு எடுத்து வந்தால் அந்தத் தோல் என்னாகும்? உப்சாலாவில் ஓக்ரென் குழுவினர் அதே ஆவியாதல் கருவியோடு இதையும் அளந்தார்கள். 22 முதல் 26 வாரத்தில் பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளைத் தாய் தந்தையரின் நெஞ்சில் படுக்கவைத்து, படுத்திருந்தபோதும் எடுத்த பின்னும் கணக்கெடுத்தார்கள். தோல் வழியே போன நீர் இன்குபேட்டரில் இருந்ததைவிடச் சற்றுக் கூடியது, ஐ.வி. திரவத்தில் சரிக்கட்டக்கூடிய அளவுதான். உடல் வெப்பம் இறங்கவில்லை. 2012இல் அந்த முடிவு வெளியானபோது, இவ்வளவு சிறிய குழந்தையைத் தாயிடம் கொடுக்க முடியாது என்பதற்குத் தோலைக் காரணம் காட்டும் வாதம் பலமிழந்தது.